வீவக வீட்டுப் பிள்ளைக்கு ஊர் இல்லையா?

கேள்வி: நான் செம்பவாங் பக்கம் கம்பத்தில் (கிராமத்தில்) வளர்ந்தவள். மரமும் கடலும் பக்கத்திலேயே இருந்தன. என் மகனுக்கு வயது 16, பிறந்ததிலிருந்து செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் பதினான்காவது மாடி. பெரிய சிந்தனையாளர்களின் கருத்துகளுக்கு அவர்கள் இளமையில் வாழ்ந்த ஊர்தான் வேர் என்று படிக்கிறேன். உண்மையா? அப்படியென்றால் இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?
வாசகி, செங்காங்

பதில்: பெரும்பாலும் உண்மைதான் அம்மா. ஆனால் ஊரின் அழகைவிட, அந்த ஊரில் பையன் என்ன செய்தான், யாரோடு பழகினான், எங்கெல்லாம் நடந்து போனான் என்பதுதான் பிற்பாடு எழுத்தில் வந்து நிற்கிறது என்று நான் நம்புகிறேன்.

நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் வண்டு பிடித்த இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1854இல் இங்கே வந்தவர், சீனத் தொழிலாளர்கள் வெட்டிப்போட்ட மரங்களின் பட்டையிலும் மரத்தூளிலும் தேடி, சுமார் இரண்டே மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். உயிரினங்கள் எப்படி மாறி வருகின்றன என்று விளக்கும் இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினைப் போலவே தானாகக் கண்டடைந்தவர். ஆனால் வீட்டில் பணமில்லாமல் 14 வயதுவாக்கிலேயே பள்ளியை விட்டு, அண்ணன் வில்லியத்தோடு நிலம் அளக்கப் போனவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலம் அளக்கும் சங்கிலியை இழுத்துக்கொண்டு வயல் வயலாக, குன்று குன்றாக நடந்து, இது யாருடைய நிலம், எது எங்கே முடிகிறது என்று குறிப்பதுதான் வேலை. அப்புறம் பாருங்கள், அமேசானில் குரங்குகளைப் பார்த்தவர், பெரிய ஆறுகள் சில குரங்கு வகைகளுக்கு எல்லையாக நிற்கின்றன என்று 1852இல் எழுதினார். இந்தோனேசியத் தீவுகளான பாலிக்கும் லோம்போக்குக்கும் நடுவே ஒரு சின்ன நீரிணைதான், அதைத் தாண்டினால் பறவைகளே மாறிவிடுகின்றன என்று கண்டதும் இவரே. எல்லை தேடும் அந்தக் கண் வேல்ஸில் பழகியது என்றே நினைக்கிறேன்.

இதைவிட என்னை அதிகம் பாதிப்பது வேறொன்று. ஊர்ப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலங்களை வேலிபோட்டுத் தனியாருக்குப் பிரித்துக்கொடுக்கும் அளவை வேலையையும் அந்தப் பையன் செய்தான். மாடு மேய்த்துப் பிழைத்த ஏழைகளுக்கு இடமில்லாமல் போனது. அந்த வயதில் அது அவருக்குத் தப்பாகவே தெரியவில்லை. முதுமையில் அதைக் கொள்ளை என்றே எழுதினார்; 1881இல் நிலம் நாட்டுக்குச் சொந்தமாக வேண்டும் என்று தொடங்கிய சங்கத்துக்கு முதல் தலைவரும் ஆனார். நாற்பது வருடம் கழித்து முளைத்திருக்கிறது! ஆனால் அதே சங்கிலியின் மறுமுனையைப் பிடித்த அண்ணன் கடைசிவரை நில அளவையாளர்தான். அதனால் ஊர் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

நம்மவர், சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாக மலாயாவின் சிரம்பானுக்கு வந்து, ரப்பர்த் தோட்டச் சூழலில் வளர்ந்தவர். பல இனத்தவர் கலந்து வாழ்ந்த சின்ன ஊர். 1966இல் நம் தேசியப் பற்றுறுதியை வரைந்தபோது இனம், மொழி, மதம் மூன்றையும் கடந்து நிற்பதை அவர் முன்னே வைத்ததில் சிரம்பானுக்குப் பங்கு உண்டு. அதே அளவு பங்கு லண்டனுக்கும் உண்டு, சட்டம் படிக்கப் போனவரைப் பத்திரிகையாளராக்கியது அந்த ஊர்தானே.

சரி, மாடிவீட்டுக்கு வருவோம். தத்துவமேதை கான்ட் பிறந்ததும் இறந்ததும் கோனிக்ஸ்பெர்க் என்ற துறைமுக நகரில், வேலைக்குப் போனதுகூட அதன் சுற்றுவட்டாரத்தில்தான். வணிகமும் பல மொழிக்காரர்களும் வந்துபோகிற இப்படிப்பட்ட ஊரில் பயணமே போகாமல் உலகத்தையும் மனிதர்களையும் அறியலாம் என்று 1798இல் அவரே எழுதியிருக்கிறார். படிக்கும்போது சிங்கப்பூரைச் சொல்வது போலவே இருக்கும். உங்கள் புளோக்கையே பாருங்கள், 1989 முதல் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று விகிதம் வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம் நடந்தால் அடுத்த வாரம் அங்கேயே சீனர் வீட்டுத் துக்கம். இத்தனை பேர் எப்படி ஒன்றாக வாழ்வது, அதை ஒரு விதி போட்டுச் செய்வது நியாயமா என்ற கேள்வி உங்கள் மகனின் லிஃப்ட் வாசலிலேயே நிற்கிறது. கம்பத்துப் பிள்ளைக்கு இது இப்படிக் கிடைத்திருக்காது.

எனக்குக் கவலை மாடி இல்லை. லிஃப்ட், எம்ஆர்டி, பள்ளி, டியூஷன், மறுபடி லிஃப்ட் என்று அவன் பொழுது போய்விடுவதுதான் கவலை. வாரத்தில் ஒரு மாலை டியூஷனை விட்டுவிட்டு அவனைச் சும்மா நடக்க விடுங்கள். செங்காங் எல்ஆர்டியில் காங்கார் என்று ஒரு நிலையம் இருக்கிறதே, அது பழைய மீனவக் கிராமத்தின் பெயர். அந்த மீனவர்கள் எங்கே போனார்கள் என்று அவன் வந்து கேட்டால், உங்கள் செம்பவாங் கம்பம் என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.