ஞாயிற்றுக்கிழமைக் கூடை

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் வீட்டுத் தோட்டம் போட்டிருக்கிறேன். வெண்டை, அவரை, சுரை, தக்காளி எல்லாம் நன்றாகக் காய்க்கின்றன. ஞாயிறு காலையில் ஒரு கூடை நிறையப் பறித்துச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். வேலைக்குச் செல்லும் என் மனைவி அதில் பாதியை வீணாக்குகிறாள். வெண்டைக்காயைக் கண்டாலே மகன் தட்டை ஒதுக்குகிறான். சென்ற வாரம் சுரைக்காய் சற்றுக் கசந்தது என்று சமைத்ததை முழுவதுமாகக் கொட்டிவிட்டாள். என் உழைப்பின் அருமையை இவர்களுக்கு எப்படி உணர்த்துவது?

பதில்: ஐயா, சுரைக்காயை முதலில் முடித்துவிடுவோம், அது உயிர் சம்பந்தப்பட்டது. சுரை, வெள்ளரி, பூசணி போன்றவற்றில் வழக்கத்துக்கு மாறாகக் கசப்பு ஏறினால் அதற்குக் காரணம் குக்குர்பிட்டசின் என்னும் நச்சுப்பொருள். வேகவைத்தாலும் அது அழியாது; கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், இரத்த வாந்தியும் வரலாம். உங்கள் மனைவி கொட்டியது சரி. அதற்காக அவருக்கு நீங்கள் நன்றி சொல்லியிருக்க வேண்டும், என்னிடம் புகார் எழுதியிருக்கக் கூடாது.

இனி, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். ஞாயிறு காலை பறித்து, மேடையில் வைத்துவிட்டு, குளிக்கப் போகிறீர்கள். ஏன் ஞாயிறு? செடிக்குக் கிழமை தெரியாது. வாரத்தின் ஏழு காலைகளும் உங்கள் கையில் இருக்கும்போது, மனைவிக்கு விடுமுறையாக இருக்கும் அந்த ஒரு காலையை நீங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தோட்டத்தில் இல்லை, சமையலறையில் இருக்கிறது. அன்றைக்குத்தான் அந்தக் கூடையை ஏற்றுக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறது. மண்ணைக் கழுவி, புழு விழுந்ததைக் கழித்து, அவரைக்கு நார் உரித்து, எது இன்றைக்கு எது நாளைக்கு என்று பிரித்து, பிறகு அடுப்பைப் பற்றவைக்க வேண்டியவர் வாரம் முழுவதும் உழைத்துவிட்டு வந்தவர். உழைப்பின் அருமையைப் பற்றி அவர் எனக்குக் கடிதம் எழுதவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

மகன் மேலும் குற்றமில்லை. பூ மலர்ந்து ஐந்தாறு நாளுக்குள் வெண்டைக்காய் பறிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு நாளுக்கு நாள் நார் ஏறும். வாரத்துக்கு ஒருமுறை பறித்தால் கூடையில் முற்றலே மிகுந்திருக்கும். நுனியை ஒடித்துப் பாருங்கள், பட்டென்று ஒடியாமல் வளைந்தால் அது விதைக்குத்தான் ஆகும். முற்றிய காய்களைச் செடியில் விட்டுவைப்பதால் செடியின் சத்தெல்லாம் விதைக்குப் போய்ப் புதிய பூக்களும் குறையும். ஆக, மனைவி வீணாக்குவதற்கு முன்பே பாதியை நீங்கள் வீணாக்கிவிடுகிறீர்கள்.

ஓய்வு உங்களுக்கு அலுவலகம் கொடுத்தது. குடும்பம் யாருக்கும் ஓய்வு கொடுப்பதில்லை. மனைவி வேலைக்குப் போகும் வீட்டில், பகலெல்லாம் வீட்டிலிருக்கும் கணவர் சமைப்பதை உதவி என்று சொல்வதைக்கூட நான் ஏற்கமாட்டேன், அது கடமை. சமைக்கத் தெரியாது என்று எழுதிவிடாதீர்கள். இந்த வயதில் செடி வளர்க்கக் கற்றுக்கொண்டவருக்கு அடுப்பு ஒன்றும் எட்டாத வித்தை அன்று.

ஒருநாள் விட்டு ஒருநாள், வெயில் ஏறுமுன், அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் பறியுங்கள். வெண்டையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்குங்கள்; ஈரத்தோடு நறுக்கினால் கொழகொழக்கும். பழுத்த தக்காளியை ஃப்ரிட்ஜில் அடைத்தால் மணம் போய்விடும், ஓரிரு நாளில் தீர்ந்துவிடுமானால் வெளியிலேயே இருக்கட்டும். கசந்த சுரைக்கொடியைப் பிடுங்கிவிடுங்கள், அதன் விதையை எடுத்துவைக்காதீர்கள். மிஞ்சுவதை அக்கம்பக்கத்தில் கொடுங்கள், அதுவும் பிஞ்சாக இருக்கும்போதே. வீட்டில் மூன்று பேருக்குக் கூடை நிரம்பி வழிகிறது என்றால் அடுத்த முறை செடிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

இரண்டு வாரம் இப்படி நீங்களே பறித்து, நறுக்கி, சமைத்து, பாத்திரமும் கழுவி வைத்துவிட்டு மகனுக்குப் பரிமாறுங்கள். அப்போதும் அவன் தட்டை ஒதுக்கினால் எனக்கு எழுதுங்கள், அவனைத் திட்டுகிறேன்.