பழைய மரக் கைப்பெட்டிக்குப் பெயிண்ட் பூசிப் படங்கள் ஒட்டுவது எப்படி?

மகளின் சலங்கையையும் நடன நகைகளையும் கொண்டுபோக அம்மம்மாவின் மரக் கைப்பெட்டியை எடுத்திருப்பதாகவும், அதற்குப் பெயிண்ட் பூசிப் பூப்படங்கள் ஒட்டினால் நிலைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிலைக்கும். ஆனால் படம் ஒட்டக்கூடாத இடங்களை முதலில் முடிவு செய்யுங்கள்.

அலுமாரி வைத்த மூலையில் நிற்கும். கைப்பெட்டி பஸ்ஸில் முட்டும், மேடைக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் இழுபடும். பெட்டியை ஒருமுறை தூக்கி நடந்து பாருங்கள். விரல் படும் இடம், காலில் உரசும் பக்கம், நிலத்தில் ஊன்றும் விளிம்பு ஆகியவற்றில் ஒட்டும் கடதாசிதான் முதலில் கிளம்பும். அங்கெல்லாம் வெறும் பெயிண்ட் போதும். மூடியும் உடலும் சேரும் கோட்டின்மேல் படம் வந்தால், ஒட்டிக் காய்ந்தபின் பிளேடால் கீறிப் பிரிக்க வேண்டும். கொடியையோ இலையையோ கீறலாம். சரசுவதி படத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டுக் கழுத்தில் பிளேடு வைக்க வீட்டில் யாரும் விடமாட்டார்கள். சாமிப் படம் வேண்டுமென்றால் மூடியின் உட்பக்கம்தான் அதற்கு மரியாதையான இடம்.

பிணைச்சல், கொண்டி, கைபிடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மரத்தின் வரியோடு 120 இலக்க அரத்தாளாலும் பிறகு 220 ஆலும் தேயுங்கள். வார்னிஷின் பளபளப்பு போனால் போதும், மரம் வரை இறங்க வேண்டியதில்லை. பழைய வர்ணப் பூச்சு இருந்தால் மட்டும் கவனம்: அந்தக் காலப் பெயிண்டுகளில் ஈயம் இருக்கக்கூடும். தூள் பறக்காமல் ஈரமாக்கித் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். எனாமல் பெயிண்ட் வேண்டாம். அந்த வழுவழுப்பில், படம் ஒட்டப்போகும் வெள்ளைப் பசை (மரம் ஒட்டும் பசை) சரியாகப் பிடிக்காது. சுவருக்கு அடித்து மிஞ்சிய இமல்ஷனை மெல்லியதாக இரண்டு தடவை பூசினாலே நல்ல அடிப்பூச்சு.

கடதாசி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. பத்திரிகைத் துண்டு மஞ்சளாகிவிடும், பசை பட்டதும் மறுபக்க எழுத்தும் தெரியும். பட்டம் கட்டும் ரிசுப் பேப்பர் வானத்தில் அழகுதான், ஆனால் அதன் சாயம் ஈரத்தில் பெரும்பாலும் கரையும். விரும்பிய படத்தை லேசர் அச்சில் எடுத்துக்கொள்ளுங்கள். இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் பரவும். கோதுமை மாப் பசை கரப்பானுக்கு விருந்து. வெள்ளைப் பசையைச் சிறிது தண்ணீர் விட்டு இளக்கி, மரத்திலும் படத்தின் பின்பக்கத்திலும் தடவுங்கள். ஈரம் குடித்த கடதாசி சற்று நீளும், குமிழி வருவது அதனால்தான். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பழைய வங்கி அட்டையால் மெதுவாகத் தள்ளினால் காற்றும் மிஞ்சிய பசையும் ஓரத்தால் வந்துவிடும். அதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத் தளபாடக்காரர்கள், ஆசிய அரக்கு வேலைப்பாட்டுக்கு இருந்த கிராக்கியைப் பார்த்து, அச்சுப் படங்களை வெட்டி ஒட்டி மேலே வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசினார்கள். கடதாசி விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாமல் போகும்வரை பூசுவதில்தான் அந்த வித்தை இருக்கிறது. உங்கள் பெட்டிக்குத் தண்ணீரில் கரையும் வார்னிஷ் ஆறேழு பூச்சுப் போதும். நாலாவது பூச்சுக்குப் பின் 400 இலக்க அரத்தாளால் லேசாகத் தடவிவிடுங்கள். அதற்கு முன் தேய்த்தால் படம் கிழியும்.

யாழ்ப்பாணத்தில் இதற்குக் காலமும் பார்க்க வேண்டும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முற்றத்துப் புழுதி முழுவதும் ஈர வார்னிஷில் வந்து குந்தும், ஆகவே அறைக்குள் கதவைச் சாத்திவிட்டுப் பூசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பூச்சுக் காயவே பொழுது போய்விடும். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தால் மரம் வளையும், குமிழியும் எழும். மாசி, பங்குனியில் நிழலில் செய்வதுதான் எனக்குப் பிடித்தது.

தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மூடியை அழுத்தி மூடாதீர்கள். வார்னிஷ் பூசிய இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று ஒட்டினால், திறக்கும்போது படத்தோடு உரிந்து வரும். இடையில் மெழுகுத்தாள் ஒன்றை வையுங்கள். கொண்டியையும் கைபிடியையும் அதன் பிறகு பூட்டினால் போதும்.