சொட்டு இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறதே?

கேள்வி: என் ஹைப்ரிட் காரில் மாதம் ஒரு விரல்கடை கூலன்ட் குறைகிறது. தரையில் ஈரமே இல்லை. போர் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: வேண்டவே வேண்டாம். நம் பாலாற்றுப் பக்கத்துத் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாயில் படிந்து அடைத்துவிடும். வேலூர் வெயிலில் மெல்லிய கசிவு சொட்டும் முன்பே காய்ந்துவிடும். பிங்க் அல்லது வெள்ளைப் பொருக்கு மட்டும் மிஞ்சும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் மடிப்பு, ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்ப் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

எந்தக் கூலன்ட் தொட்டி குறைகிறது என்பதே முக்கியம். பல ஹைப்ரிட்களில் இன்ஜினுக்கு ஒன்று, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்கு ஒன்று. இன்வெர்ட்டர் தொட்டி குறைந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்; இன்வெர்ட்டர் போனால் செலவு தாங்காது.

இன்ஜின் ஆறியபின், கூலன்ட் மூடியில் அச்சிட்டுள்ள அழுத்தத்துக்கு பிரஷர் டெஸ்டரில் ஏற்றி 15 நிமிடம் விட மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். முள் இறங்கியும் வெளியே ஈரமில்லை என்றால் இன்ஜினின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். டேஷ்போர்டில் ரெடி (READY) விளக்கு எரியும்போது இன்ஜின் தானே கிளம்பும், ஃபேனருகே கை வேண்டாம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு ஒயரையும் தொடாதீர்கள். ஏற்கெனவே தண்ணீர் கலந்து வரும் ரெடிமிக்ஸ் கூலன்ட்டில் மேலும் தண்ணீர் கலக்கக் கூடாது.