பாப்பா கையில ஃபேஷன் புக் இருந்தா நிஃப்ட்லதான் போடணுமா?

கொழிஞ்சாம்பாறைல இருந்து ஒரு அப்பா போன் பண்ணாருங்க. பொண்ணு எஸ்எஸ்எல்சி முடிச்சிருச்சு, கோயம்புத்தூர் மச்சான் "எப்பப் பாத்தாலும் ஃபேஷன் புக்கும் கையுமா இருக்கா, ப்ளஸ் டூ முடிச்சதும் நிஃப்ட்ல போடு, தோப்ப வித்தாவது போடு"ன்னு ஓதிட்டே இருக்காராம் (நிஃப்ட்னா ஃபேஷன் டிசைன் சொல்லித்தர்ற மத்திய அரசு கல்லூரி), மனுஷனுக்கு தூக்கமே இல்ல. பதறாதீங்கண்ணான்னு சொல்லிட்டு, போனை பாப்பாகிட்ட குடுக்க சொன்னேன்.

அது வெச்சிருக்கறது சேலை பத்தின புக்கு ஒண்ணு, நாற்காலி டிசைன் புக்கு ஒண்ணு, ஓவியர்கள் புக்கு, அப்பறம் நாலஞ்சு சுயசரிதை. ஆனா பேசினதெல்லாம் என்ன தெரியுமா, சேலை படத்துல அரக்கு கலர் ஏன் பழுப்படிக்குது, சுயசரிதைய விரிச்சா ஏன் புக்கோட முதுகு வெடிக்குது, அட்டை எழுத்து யார் வரைஞ்சது, இதுதான். துணி பத்தி ஒரு வார்த்த வரல.

அதனால அண்ணா, கண்டிப்பா சொல்றேன், தோப்புல கை வெக்காதீங்க. நிஃப்ட் நல்ல எடந்தான், கண்ணூர்லயே இருக்கு, ஆனா நாலு வருஷத்துக்கு ஃபீஸே பத்து லட்சத்த தாண்டும். துணி வெட்டித் தைக்கற ஆசையே இல்லாத புள்ளைக்கு அது எதுக்கு? மச்சானா கடன் கட்டப்போறாரு?

உங்க பாலக்காடு ஜில்லாவுலயே ஷொர்ணூர்ல அச்சுத் தொழில் சொல்லித்தர்ற ஒரு அரசு பாலிடெக்னிக் இருக்குங்க, இன்ஸ்டிட்யூட் ஆஃப் பிரிண்டிங் டெக்னாலஜி. டிப்ளமோ மூணு வருஷம், எஸ்எஸ்எல்சி மார்க்க வெச்சுதான் சீட்டு, நுழைவுத்தேர்வு கிடையாது, அரசு காலேஜ்ங்கறதால ஃபீஸும் கைக்கடக்கமா இருக்கும். பாப்பா கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் இந்தப் படிப்புலதான் இருக்கு. கலர் படம்னா சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு மை, நாலுக்கும் தனித்தனி ப்ளேட் (அச்சுத் தகடு), ஒண்ணு மயிரிழை நகர்ந்தாலும் மூஞ்சி ரெண்டா தெரியும். ஸ்கிரீன்ல பளீர்னு தெரியற சில கலர் இந்த மையில வரவே வராது, அத முன்னாடியே கணிச்சு சரி பண்றதுக்குன்னே ஆள் வேணும். ஓவியப் புக்குக்கு வழுவழு ஆர்ட் பேப்பர், நூல் தையல். சுயசரிதைக்கு கண்ணு கூசாத மங்கல் பேப்பர், அதுல செலவு மிச்சம் பண்ண வெறும் பசை பைண்டிங் போடறதாலதான் விரிச்சா வெடிக்குது. பக்கக் கணக்கும் பேப்பர் தடிமனும் தெரியலைன்னா புக்கு முதுகு எவ்ளோ அகலம்னே தெரியாது, அப்பறம் எப்படி அட்டை டிசைன் பண்றது? (தமிழ்ல அட்டைக்கும் பத்திரிகைக்கும் தலைப்பெழுத்து வரைஞ்ச ஆதிமூலம் பெரிய ஓவியர்ங்க, அது ஒண்ணும் சில்லற வேல இல்ல.)

வேல ப்ரீ-பிரஸ்ல (அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பக்கமும் ப்ளேட்டும் தயார் பண்ற எடம்), பதிப்பகத்துல, பேக்கேஜிங் கம்பெனில கிடைக்கும், கோயம்புத்தூர் பக்கந்தான், சிவகாசி கொஞ்சம் தூரம். மொத சம்பளம் கம்மியாத்தான் இருக்கும், நைட் ஷிஃப்ட்டும் வரலாம், மறைக்க மாட்டேன். மேல படிக்கணும்னா லேட்டரல் என்ட்ரில நேரா ரெண்டாம் வருஷம் பி.டெக் போகலாம்.

அட்மிஷன் ஆன்லைன்லதான், வருமான சர்டிஃபிகேட்ட இப்பவே வாங்கி வெச்சிருங்க. அதுக்கு முன்னாடி பாப்பாவ கூட்டிட்டு ஒரு பிரஸ்ஸுக்கு போங்க, மெஷின் ஓடற நேரமா பாத்து. மை நாத்தத்துக்கும் சத்தத்துக்கும் மூஞ்சி சுளிச்சா சொல்லுங்க, வேற பாப்போம். மச்சான் கேட்டா என் நம்பர குடுங்க, நான் பேசிக்கறேன்.