12 வயதுப் பூனை தின்றும் இளைக்கிறது, அம்மாவின் தைராய்டு மாத்திரையைக் கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. அம்மா சாப்பிடுவது பெரும்பாலும் தைராக்சினாக இருக்கும். அது தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கான ஹார்மோன் மாத்திரை. வயதான பூனைகளுக்கு வருவது நேர்மாறு: கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் கட்டி வளர்ந்து, தேவைக்கு மேல் சுரக்கிறது. கட்டி அநேகமாகப் புற்றுநோயாக இருக்காது, ஆனால் இதயத்தை ஓய்வில்லாமல் விரட்டும். அதன்மேல் தைராக்சினும் போனால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

வைத்ததையெல்லாம் தின்கிறது, முதுகெலும்பு தெரிகிறது, ராத்திரியில் கத்துகிறது என்கிறீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இது தைராய்டாக இருக்கலாம் என்றது நியாயமான சந்தேகம்தான். ஆனால் சர்க்கரை நோயிலும் பூனை தின்று தின்று இளைக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை அவசியம். டி4 (தைராய்டு ஹார்மோன் அளவு), சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கானது), கல்லீரல் நொதிகள், கூடவே ரத்த அழுத்தம், எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். மனிதர்களுக்கான லேபில் ரத்தம் கொடுத்திருந்தால், மனித அளவுதான் அச்சாகியிருக்கும். டி4 நமக்கு டெசிலிட்டருக்கு 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை சகஜம். பூனைக்கு ஏறக்குறைய 1 முதல் 4. பூனைக்கு 7 என்று வந்தால் காகிதத்தில் 'நார்மல்' போலத் தெரியும், உண்மையில் அது நோய். ஆரம்பக் கட்டத்தில் டி4 சரியாகவே காட்டுவதும் உண்டு. அறிகுறி தொடர்ந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பூனைக்கும் இதே நோய்தான், தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை கொடுக்கிறோம். சாதாரண மருந்துக்கடையிலேயே கிடைக்கும், ஆனால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நம் பக்கத்திலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றும் தூரமில்லை. இந்த நோயுள்ள பூனை பயந்தால் வாயைத் திறந்து இரைக்கும். ஆட்டோவில் போகும்போது கூடைமேல் துணி போட்டு மூடுங்கள்.

மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மிகைச் சுரப்பு சிறுநீரகத்துக்கு ரத்தத்தை அதிகம் தள்ளி, அங்கே உள்ள பழுதை மறைத்துவிடும். சுரப்பு அடங்கியதும் பழுது வெளியே வரும். ஆகவே மூன்று வாரம் போல் கழித்து டி4, கிரியேட்டினின் இரண்டையும் கட்டாயம் திரும்பப் பாருங்கள். வாந்தி எடுத்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, முகத்தைப் பிறாண்டிப் புண்ணாக்கினாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் இந்த மாத்திரையைத் தொட வேண்டாம்.

அயோடின் குறைந்த உணவு ஒன்றை மட்டுமே கொடுத்துக் கட்டுப்படுத்தும் முறையும் உண்டு. காசிமேட்டு மீன் வாசலுக்கு வாசல் கிடைக்கும் நம் தெருவில் அது நடக்காது. வெளிநாடுகளில் கதிரியக்க அயோடின் ஊசி ஒன்றிலேயே பெரும்பாலான பூனைகள் குணமாகிவிடுகின்றன. மாத்திரை அப்படியல்ல, ஆயுள் முழுக்கத் தர வேண்டும். தந்தால் எடை கூடும், கத்தலும் குறையும்.

ஒன்று மட்டும் அவசரம்: கண்மணி விரிந்தபடியே நின்று பூனை சுவரில் முட்டினால், பிரஷரால் விழித்திரை கழன்றிருக்கலாம். அன்றைக்கே கொண்டு போங்கள்.