வெல்லமாட்டாள் என்று சொல்லப்படுபவளுக்கு

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கமலா ஹாரிஸ் போட்டியிட்ட சமயத்தில் அமெரிக்கப் பெண்ணியவாதிகள் திரண்டு வந்து அவருக்குத் தந்த ஆதரவு நியாயமானது என்று நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் வாசகர் குழுவில் அண்மையில்தான் படித்தோம். விவாதம் சூடாகிவிட்டது. மூத்த அக்கா ஒருவர், "மன்னார்குடிப் பக்கத்து வம்சம், நம்ம பொண்ணு, தோத்துட்டாளேன்னு எனக்கு இன்னும் மனசு ஆறலை" என்றார். இன்னொருவர், உலகத்தின் முதல் பெண் பிரதமரான இலங்கையின் சிறிமாவோ அங்குள்ள தோட்டத் தமிழர்களுக்கு என்ன செய்தார் என்று திருப்பிக் கேட்டார். காசாவில் குழந்தைகள் சாகும்போது அந்த ஆட்சியில் துணை அதிபராக இருந்தவரை ஒரு பெண்ணியவாதி எப்படி ஆதரிக்கலாம் என்பது என் கேள்வி. பெண் என்பதற்காகவே ஒரு பெண்ணை ஆதரிப்பது பெண்ணியமா? மறுக்கிறவள் துரோகியா?

இதை அமெரிக்க விவகாரமாக மட்டும் கேட்கவில்லை. என் அம்மா செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடித்தவர். எங்கள் தாமானை (குடியிருப்புப் பகுதியை)ச் சேர்ந்த பெண்மணி ஒருவர் அடுத்த பொதுத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு நிற்க விரும்புகிறார். "நல்லவங்கதான், ஆனா ஜெயிக்க மாட்டாங்க" என்று எங்கள் குழுவிலேயே பலர் ஒதுங்குகிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
சுங்கை சிப்புட், மலேசியா.

*

அன்புள்ள தங்கைக்கு,

தலைமைக்கு நிற்கும் ஒரு பெண்ணை, அவள் பெண் என்பதையே காரணமாக்கிக் கீழே தள்ளும் பேச்சை எதிர்ப்பது ஒன்று. அவளுக்கு வாக்களிப்பது வேறொன்று. முதலாவதற்கு எந்த நிபந்தனையும் கிடையாது. இரண்டாவதற்கு நிறையவே உண்டு. பிள்ளையில்லாத, பூனை வளர்க்கும் பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள் என்று 2021-இல் ஹாரிஸின் பெயரையும் சேர்த்து ஜே. டி. வான்ஸ் சொன்னது, அவர் 2024-இல் துணை அதிபர் வேட்பாளரானதும் மீண்டும் வெளியே வந்தது. ஹாரிஸ் தம் கணவரின் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர் என்று பலர் பதில் சொன்னார்கள்; அந்தப் பதிலே தேவையில்லை என்பது என் எண்ணம், ஏனென்றால் பிள்ளை இல்லாத ஆண்களைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. காசாவுக்காக ஹாரிஸுக்கு வாக்களிக்க மறுத்த பெண்ணும் இந்தப் பேச்சைக் கண்டிக்கலாம், கண்டிக்கத்தான் வேண்டும். அப்படிக் கண்டித்ததனால் அவள் வாக்குக் கடன்பட்டவள் ஆகிவிடமாட்டாள்.

காசாவைப் பற்றிய உங்கள் கேள்வி கடினமானது, அதைச் சுற்றிப்போக எனக்கு விருப்பமில்லை. 2024 பிப்ரவரியில் மிச்சிகன் மாநில முதனிலைத் தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், காசாப் போரைக் கண்டித்து, அன்றைய அதிபர் பைடனுக்கு வாக்களிக்காமல், எவருக்கும் உறுதி தராதவர்கள் என்று வாக்களித்தனர். அதை முன்னெடுத்த இயக்கம் ஆகஸ்டு மாதம் சிக்காகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பாலஸ்தீன அமெரிக்கர் ஒருவருக்குச் சில நிமிடம் பேச வாய்ப்புக் கேட்டது. ஜார்ஜியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினரான ரூவா ரோமான் என்ற பெண் உரையோடு காத்திருந்தார். அந்த உரையே ஹாரிஸை வெற்றிபெறச் செய்யும்படி கேட்டுக்கொள்வதாகத்தான் இருந்தது. மேடை தரப்படவில்லை. நிபந்தனையோடு வந்த ஒரு பெண்ணின் ஆதரவை வாசலிலேயே திருப்பி அனுப்பியதை நான் பெரிய பிழை என்றே கருதுகிறேன். அதன்பின் ஹாரிஸுக்கு வாக்களிக்க மனம் வராதவர்களை நான் துரோகி என்று சொல்லமாட்டேன். அவரைத் தேர்ந்தெடுத்து, உள்ளே இருந்து நெருக்கலாம் என்று நினைத்தவர்களையும் சொல்லமாட்டேன்.

சிறிமாவோவைப் பற்றி உங்கள் தோழி கேட்டது சரியான கேள்விதான், இன்னும் கொஞ்சம் நீட்டிக் கேட்டிருக்கலாம். 1960 ஜூலையில் அவர் பிரதமரானபோது உலகமே வியந்தது. 1964 அக்டோபரில் அவரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவாயிற்று; எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் 'பிறகு' 1974-இல் வந்தபோது மேசையின் இருபுறமும் பெண்களே இருந்தார்கள்: இந்தப் பக்கம் சிறிமாவோ, அந்தப் பக்கம் இந்திரா காந்தி. ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியையாவது கேட்டார்களா என்றால் இல்லை. மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய நம் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கின் வலியை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

ஆனால் இதிலிருந்து, பெண் ஆண்டால் என்ன ஆண் ஆண்டால் என்ன என்ற முடிவுக்குப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த மக்களை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது டி. எஸ். சேனநாயக்காவின் அரசு. அதைக் காட்டி ஆண்கள் ஆளத் தகுதியற்றவர்கள் என்று எவரும் சொன்னதில்லை. ஆணின் கொடுமை அவன் பேரில் எழுதப்படுகிறது. பெண்ணின் கொடுமை பெண்குலத்தின் பேரில் எழுதப்படுகிறது. தவறு செய்யும் உரிமையோடு சேர்த்துத்தான் ஆளும் உரிமையைக் கேட்கிறோம். செய்த தவறுக்காக அவளைத் தோற்கடிக்கும் உரிமையும் நம்மிடமே இருக்கிறது.

மறுக்கிறவள் துரோகியா என்ற கேள்வியை 2016-இலேயே அமெரிக்கப் பெண்கள் நேருக்கு நேராகச் சந்தித்தார்கள். ஹிலாரி கிளிண்டனுக்காக நியூ ஹாம்ப்ஷயரில் பிரச்சாரம் செய்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் மாடலின் ஆல்பிரைட், ஒருவருக்கொருவர் உதவாத பெண்களுக்கு நரகத்தில் தனி இடம் உண்டு என்றார். அதே நாள்களில் மூத்த பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம், இளம்பெண்கள் பையன்கள் இருக்கும் இடம் தேடி, கட்சிக்குள் ஹிலாரியை எதிர்த்துப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸ் பக்கம் போகிறார்கள் என்னும் பொருளில் பேசி, பிறகு வருத்தம் தெரிவித்தார். அந்த மாநிலத்தில் பெண்களின் வாக்குகளிலும் சாண்டர்ஸே முந்தினார். கல்விக்கடனும் குறைந்தபட்சக் கூலியும் அந்தப் பெண்களின் சொந்தப் பிரச்சினைகள். 2002-இல் ஈராக் போருக்கு அனுமதி அளித்து ஹிலாரி போட்ட வாக்கையும் அவர்கள் மறக்கவில்லை. அவர்களைச் சபித்துப் பெற முயன்ற ஆதரவு கிடைக்காமற் போனதில் வியப்பில்லை. இருந்தாலும் அந்த மூத்த பெண்களின் அவசரம் எனக்குப் புரிகிறது: இன்னொரு வாய்ப்பு வருவதற்குள் கண்மூடிவிடுவோமோ என்ற பயம் அது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1972. புரூக்ளினிலிருந்து 1968-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குள் நுழைந்த முதல் கறுப்பினப் பெண்ணான ஷெர்லி சிஷோம், அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்குப் போட்டியிட்டார். தந்தை பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர் (கரும்புக்காக நம்மவர்களையும் கப்பலேற்றிக் கொண்டுபோன அதே நாடு), தாய் பார்படோசைச் சேர்ந்தவர். தையல் வேலையும் வீட்டு வேலையும் செய்து பிள்ளைகளை வளர்த்தவர். முந்திய ஆண்டுதான் ஸ்டைனம் போன்றவர்களோடு சேர்ந்து பெண்களுக்கான அரசியல் அமைப்பு ஒன்றை சிஷோம் தொடங்கியிருந்தார். ஆனால் அவரே களத்தில் இறங்கியபோது, பெண்ணிய இயக்கத்தின் பெரிய பெயர்கள் பலர் தயங்கினார்கள். ஸ்டைனமே நியூயார்க்கில் சிஷோமின் பிரதிநிதியாகப் பெயர் கொடுத்துக்கொண்டு, அவருடைய போட்டியாளரான ஜார்ஜ் மெக்கவர்னையும் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். கறுப்பின ஆண் தலைவர்களும் ஒதுங்கினார்கள். எல்லோரிடமும் இருந்த காரணம் ஒன்றே, உங்கள் குழுவில் சொல்லப்பட்ட அதே காரணம்: நல்லவர்தான், ஆனால் வெல்லமாட்டார். மயாமி பீச் மாநாட்டில் அவருக்கு 152 வாக்குகள் விழுந்தன. மெக்கவர்ன் வேட்பாளரானார், நவம்பரில் நிக்சனிடம் அவர் தோற்ற தோல்வி அமெரிக்க வரலாற்றின் மிகப்பெரிய தோல்விகளுள் ஒன்று. வெல்லக்கூடியவர் என்று கணக்குப் போட்டுப் போன இடத்தின் கதி அது.

சிஷோமின் கதை அங்கே முடியவில்லை. இனப்பாகுபாட்டுக்குப் பெயர்போன ஜார்ஜ் வாலஸ் அதே தேர்தல் களத்தில் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, சொந்த ஆதரவாளர்களே முகம் சுளிக்க, அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் சிஷோம். வீட்டுப் பணியாளர்களுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை விரிவாக்கப் பின்னர் அவர் பாடுபட்டபோது, தென்மாநில உறுப்பினர்களின் வாக்குகளைப் பெற வாலஸ் உதவியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1974-இல் அந்தத் திருத்தம் நிறைவேறியது. அதிபர் தேர்தலில் 'வீணான' வேட்பாளர், தம் தாயைப் போன்ற பெண்களின் கூலியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். ஒரு பெண்ணைத் தலைமைக்கு ஆதரிப்பதென்றால் என்ன எதிர்பார்த்து ஆதரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். கேப்டன் லட்சுமி என்றால் நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் நிமிர்ந்து உட்காருவார்கள். 1943-இல் சிங்கப்பூரில் அவர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்காக ஜான்சி ராணிப் படையைத் திரட்டியபோது, இந்தியாவைக் கண்ணால் கண்டிராத மலாயாத் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். 1920களின் இறுதியில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று தினக்கூலியே சட்டப்படி ஏற்றத்தாழ்வாக நிர்ணயிக்கப்பட்டிருந்த லயங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அந்த லட்சுமி 2002-இல், எண்பது வயதைத் தாண்டிய நிலையில், இடதுசாரிக் கட்சிகளின் சார்பில் இந்தியக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்றார். எதிரே அப்துல் கலாம். தமிழுலகம் முழுவதும் கலாமைக் கொண்டாடியது, நானும் அவர்மேல் மதிப்புள்ளவள்தான். ஆனால் ஒரு பெண் அந்தப் பதவிக்கு நிற்கிறார் என்ற செய்தியே நம்மிடையே பேச்சாகவில்லை. 2007-இல் ஆளுங்கூட்டணியின் வேட்பாளராகப் பிரதிபா பாட்டில் வென்றபோது, முதல் பெண் குடியரசுத் தலைவர் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். வெல்லப்போகிறவளைச் சுற்றி நின்று கைதட்டுவதற்குப் பெண்ணியம் எதற்கு? அதை எந்தக் கட்சிக்காரனும் செய்வான்.

ஹாரிஸுக்குக் கிடைத்த ஆதரவை நான் நியாயம் என்று எழுதியதற்கும் இதுவே காரணம். 2024 ஜூலை 21 அன்று பைடன் விலகிய இரவே, கறுப்பினப் பெண்கள் 40,000-க்கும் மேற்பட்டோர் இணையவழிக் கூட்டமொன்றில் கூடி, சில மணி நேரத்தில் பதினைந்து லட்சம் டாலர் திரட்டினார்கள். அது ஒரே இரவில் முளைத்த கூட்டம் இல்லை. 2020 முதல் ஞாயிறுதோறும் கூடிவந்த ஓர் அமைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. தேர்தலிலும் கறுப்பினப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் ஹாரிஸுக்கு வாக்களித்தார்கள். வெள்ளைப் பெண்களில் பெரும்பான்மையோர் டிரம்பின் பக்கமே நின்றார்கள். 'நம்ம பொண்ணு' என்ற அக்காவின் பெருமையை நான் குறை சொல்லமாட்டேன். ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் பூசையே நடந்தது. 1958-இல் பத்தொன்பது வயதில் தனியாகக் கடல் கடந்து பெர்க்லிக்குப் படிக்கப்போன அவருடைய தாய் ஷியாமளா கோபாலனுக்கு அந்தப் பெருமையில் பெரும்பங்கு சேரட்டும். உறவு கொண்டாடுவது வேறு, அரசியல் வேறு.

இனி நம் மலேசியாவுக்கு வருவோம். இங்கே இதுவரை ஒரு பெண் பிரதமராகவில்லை, எந்த மாநிலத்திலும் ஒரு பெண் மந்திரி புசார் (மாநில முதல்வர்) ஆகவில்லை. டாக்டர் வான் அசிசா 1999-இல் நாடாளுமன்றத்துக்குப் போய், 2018-இல் முதல் பெண் துணைப் பிரதமரானார். அப்போதும் அவரைக் கணவருக்காக இடம் பிடித்து வைத்திருப்பவர் என்று பேசியவர்கள் உண்டு. நம் சுங்கை சிப்புட் தொகுதிக்கு 1959 முதல் நாடாளுமன்ற உறுப்பினரானவர்கள் நான்கு பேர், நால்வரும் ஆண்கள். கட்சிகளின் மகளிர் பிரிவுகள் வீடுவீடாகப் போய் வாக்குக் கேட்கும், செராமாவுக்கு (பிரச்சாரக் கூட்டத்துக்கு) ஆள் திரட்டும், சமைத்தும் போடும்; வேட்பாளர் பட்டியல் தயாராகும் அறையில் மட்டும் அவர்களுக்கு நாற்காலி இருக்காது.

உங்கள் அம்மா மருந்து அடித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். சுங்கைப் பட்டாணியில் ரப்பர் தோட்டச் சூழலில் வளர்ந்த ஐரின் பெர்னாண்டஸும் அவர் தொடங்கிய தெனாகானித்தா என்ற உரிமை அமைப்பும், பாராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்தை அடிக்கும் தோட்டப் பெண்களின் நகமும் தோலும் மூச்சும் என்ன ஆகின்றன என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதியவர்கள். அந்த மருந்துக்கு 2002-இல் அரசு தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, 2020-இல்தான் முழுமையாகத் தடை செய்தது. ஐரின் நாடாளுமன்றத்துக்கு நின்றிருக்கலாம். குடியேறித் தொழிலாளர்களின் தடுப்பு முகாம்களைப் பற்றி எழுதியதற்காக 2003-இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டதால், 2004 தேர்தலில் போட்டியிட முடியாமற் போயிற்று. 2008-இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தபோது தேர்தல் முடிந்திருந்தது. நம் தோட்டத்துப் பெண்கள் இழந்த வேட்பாளர் அவர்.

ஆகவே உங்கள் தாமான் பெண்மணியைப் பற்றி என் கருத்து இது. வெல்வாரா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். கட்சிகள் பெயர்களை அறிவிக்கும் முன்பே அவரை உங்கள் குழுவுக்கு அழையுங்கள். மருந்து அடிக்கும் பெண்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பத்துக்கு வீட்டுரிமை, வேலைக்குப் போகும் தாய்மாருக்குப் பிள்ளைக் காப்பகம் என்று உங்கள் கோரிக்கைகளை எழுதி அவர்முன் வைத்து, எதற்குப் பொறுப்பேற்பார், எதற்கு மாட்டார் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். குடியேறித் தொழிலாளர்களைப் பற்றியும் கேளுங்கள், ஏனென்றால் இன்று அந்த மருந்துக் கலன் பெரும்பாலும் அவர்கள் முதுகில்தான் இருக்கிறது. பதில் திருப்தியாக இருந்தால், வைப்புத்தொகை பறிபோகும் என்று தெரிந்தாலும் வேட்புமனு நாளில் அவரோடு நில்லுங்கள். திருப்தி இல்லையென்றால் வாக்களிக்க வேண்டாம். ஆனால் செராமா மேடையில் எவனாவது அவருடைய தாலியையும் உடையையும் பற்றிப் பேசினால், அங்கேயே எழுந்து கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

கூட்டத்துக்கு நாள் குறித்ததும் எனக்கும் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன்.

அன்புடன்.