டர்போவின் அனலுக்கு வழி விடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மாற்றுவது பற்றிப் போன முறை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: பவர் கூடிவிட்டது, ஆனால் பானெட்டுக்குள் சூடு தாங்கவில்லை. அதனால் இந்த முறை எல்லாக் கேள்விகளும் அதைப் பற்றியே.

கேள்வி: பெரிய டர்போ, டியூபுலர் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து டர்போவுக்கு எக்ஸாஸ்ட் வாயுவைக் கொண்டுபோகும் குழாய்கள்), 3 அங்குல டவுன்பைப் (டர்போவிலிருந்து வாயுவை வெளியே எடுக்கும் குழாய்) எல்லாம் போட்டாயிற்று. காலையில் வண்டி பறக்கிறது. நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்துவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் மாற்றுவதற்கு முன்பு இருந்ததைவிட மந்தமாக இருக்கிறது. இன்டேக் டெம்பரேச்சர் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு) 70 டிகிரி காட்டுகிறது. பழைய ஹீட் ஷீல்டு புது மேனிஃபோல்டில் உட்காரவில்லை என்று கழற்றிவிட்டோம். ஏர் ஃபில்டர் கூம்பு மாடல், பானெட்டுக்குள் திறந்தபடி இருக்கிறது. டியூனை (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை) மாற்றினால் சரியாகுமா?

டியூனை இப்போதைக்குத் தொடாதீர்கள். இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. காற்று சூடாக உள்ளே வந்தால் நாக் ஆகும் (எரிபொருள் கலவை நேரம் தவறித் தானாக வெடிக்கும்) வாய்ப்பு கூடும், அதனால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது, பல வண்டிகளில் பூஸ்டையும் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) குறைக்கும். அந்த மந்தம்தான் உங்களுக்குத் தெரிகிறது. இதை டியூனில் மறைத்தால் இன்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒரே காவலை எடுத்துவிட்ட மாதிரி. இன்னொன்றும் இருக்கிறது: டைமிங் பின்னால் போனால் எரிதல் தாமதமாகி எக்ஸாஸ்ட் வாயு இன்னும் சூடாக வெளியே வரும், அது பானெட்டுக்குள் இன்னும் அனலைக் கொட்டும். சுற்றிச் சுற்றி வரும் சிக்கல் இது.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது அந்தத் திறந்த ஃபில்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். டர்போவில் காற்றை அழுத்தும் பாதிதான் கம்ப்ரஸர்; 70 சதவீதத் திறனுள்ள ஒன்று 30 டிகிரி காற்றை 1 பார் பூஸ்டுக்கு அழுத்தினால் அது சுமார் 125 டிகிரியில் வெளியே வரும். அதே காற்று பானெட்டுக்குள் இருந்து 60 டிகிரியில் போனால் வெளியே வருவது 165 டிகிரிக்குப் பக்கத்தில். உள்ளே 30 டிகிரி கூடினால் வெளியே ஏறத்தாழ 40 கூடுகிறது, அத்தனையையும் அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் தலையில் கட்டுகிறோம். ஃபில்டரைச் சுற்றி மூடிய பெட்டி ஒன்று செய்து, முன் கிரில் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வர ஒரு குழாய் விடுங்கள். பெட்டி பானெட்டோடு ரப்பர் பட்டையால் நன்றாக மூடிக்கொள்ள வேண்டும், பெயருக்கு ஒரு தகடு நிறுத்தினால் போதாது.

இரண்டாவது ஹீட் ஷீல்டு. பெட்ரோல் டர்போவில் முழு லோடில் எக்ஸாஸ்ட் வாயு 900 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் இருக்கும் இரும்பு பக்கத்தில் உள்ள காற்றைச் சூடாக்குவதோடு நிற்பதில்லை, நெருப்புக்கு எதிரே உட்கார்ந்தால் முகத்தில் அனல் அடிக்குமே, அதுபோல எதிரில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் நேராக வீசுகிறது. இந்த வீச்சு, கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 600 டிகிரியில் இருக்கும் பரப்போடு ஒப்பிட்டால் 900 டிகிரியில் இருப்பது மூன்று மடங்குக்கு மேல் அனலை வீசும். அந்தச் சாதாரணத் தகடு தடுத்துக்கொண்டிருந்தது இதைத்தான். புது மேனிஃபோல்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஸ்டெயின்லெஸ் தகட்டில் புதிதாக ஒன்று வளைத்து மாட்டுங்கள், மேனிஃபோல்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலமாவது இடைவெளி விடுங்கள். தகடு மேனிஃபோல்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே இன்னொரு அடுப்பாகிவிடும்.

இந்த இரண்டையும் முடித்துவிட்டு டர்பைன் ஹவுசிங்குக்கு (எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரத்தின் கூடு) மட்டும் ஒரு பிளாங்கெட் (சூட்டைத் தடுக்கும் உறை) போடுங்கள். நடுவில் பேரிங் இருக்கும் பகுதியையும் கம்ப்ரஸர் பக்கத்தையும் மூடவே கூடாது, அவை சூட்டை வெளியே விட வேண்டிய இடங்கள். அப்புறமும் இன்டேக் சூடு இறங்கவில்லை என்றால் டியூனைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: மேனிஃபோல்டுக்கு ராப் (சூட்டைத் தடுக்கும் இழை நாடா) சுற்றலாமா? சுற்று என்கிறார் ஒரு மெக்கானிக், சுற்றினால் மேனிஃபோல்டு வெடித்துவிடும் என்கிறார் இன்னொருவர்.

இரண்டு பேரும் சொல்வது உண்மைதான், அதுதான் தொல்லை. ராப் சுற்றினால் வெளியே வீசும் அனல் நன்றாகக் குறையும், வாயு சூடாகவே டர்பைனுக்குப் போவதால் டர்போ கொஞ்சம் சீக்கிரம் சுழலவும் செய்யும். ஆனால் வெளியே போகாத சூடு உலோகத்திலேயே தங்குகிறது. ராப் இல்லாதபோது இருந்ததைவிட இரும்பு பல டிகிரி கூடுதலாகச் சூடேறி, ஒவ்வொரு முறையும் கூடுதலாக விரிந்து சுருங்குகிறது. மெல்லிய குழாய்களை வெல்டு செய்து செய்த மேனிஃபோல்டில், குழாய்கள் ஒன்று சேரும் இடத்தில் இது முதலில் விரிசலாகத் தெரியும்.

என் வண்டியில் மைல்டு ஸ்டீல் மேனிஃபோல்டுக்கு ராப் சுற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினேன். ஒரு கேஸ்கெட் மாற்ற வேண்டியிருந்ததால் பிரித்தபோது குழாய் செதில் செதிலாகக் கையோடு வந்தது. துணி மாதிரி இருக்கும் அந்த ராப் மழை ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது, ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டு இரும்பு துருவேறிப் போகிறது. பார்த்தபோது வயிறு கலங்கியது, ஏனென்றால் வெளியிலிருந்து எந்த அறிகுறியும் தெரியவில்லை.

அதனால் என் கருத்து: மேனிஃபோல்டுக்குச் செராமிக் கோட்டிங், டவுன்பைப்புக்கு ராப். கோட்டிங்கை உள்ளேயும் வெளியேயும் பூசிச் சூளையில் வேகவைத்து வாங்க வேண்டும், எனவே மாட்டுவதற்கு முன்பே திட்டமிடுங்கள். கனமான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு என்றால் ராப் சுற்றினாலும் அவ்வளவு பயமில்லை. சுற்றும்போது கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும், முனைகளை ஸ்டெயின்லெஸ் பட்டையால் கட்டுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கண்ணாடி இழை தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். முதல் சில ஓட்டங்களில் புகை வரும், பயப்பட வேண்டாம். ஆனால் ராப்பில் என்றைக்காவது ஆயில் பட்டால், துடைத்துச் சமாளிக்காமல் முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது சுற்றுங்கள்.

கேள்வி: பானெட்டின் பின்பக்கக் கீல்களில் வாஷர் கொடுத்து இரண்டு செ.மீ. தூக்கி வைத்தால் அனல் அந்த வழியே போய்விடும் என்று நண்பர் செய்து வைத்திருக்கிறார். நானும் செய்யலாமா?

சிக்னலில் நிற்கும்போது உதவும், அனல் மேலே எழும்பி அந்த இடுக்கு வழியே போகும். வண்டி வேகமெடுத்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று மோதித் தேங்குவதால் அங்கே அழுத்தம் கூடுதல், அதனால்தான் பெரும்பாலான கார்களில் கேபினுக்கான காற்றை அங்கேயிருந்து எடுக்கிறார்கள். அழுத்தம் கூடிய இடத்தில் வழி திறந்தால் காற்று உள்ளேதான் வரும். உள்ளே வந்த காற்று, ரேடியேட்டர் வழியாக முன்னாலிருந்து வர வேண்டிய காற்றை எதிர்த்துத் தள்ளும். கூடவே இன்ஜின் புகை வாடை கேபினுக்குள் வரவும் வாய்ப்பு இருக்கிறது.

வென்ட் வெட்டுவதென்றால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பாதியில் வெட்டுங்கள். காற்று வளைந்து ஏறும் அந்த இடத்தில் அழுத்தம் குறைவு, உள்ளே இருப்பதை அது இழுத்துக்கொள்ளும். வென்ட்டின் முன் விளிம்பில் ஒரு சிறு தகட்டை நிமிர்த்தி வைத்தால் இழுப்பு இன்னும் கூடும். வெட்டுவதற்கு முன்னால் பானெட் மேல் சிறு சிறு நூல் துண்டுகளை டேப்பால் ஒட்டி, நண்பரை வேறு வண்டியில் பக்கவாட்டில் வரச் சொல்லி வீடியோ எடுத்தால் காற்று எப்படி ஓடுகிறது என்று தெரியும். உங்கள் காருக்கு உங்கள் காரில்தான் பார்க்க வேண்டும். கீழே மழைத்தண்ணீர் எதன்மேல் விழும் என்பதையும் பாருங்கள், காயில், ஒயரிங் கனெக்டர் மேல் விழக் கூடாது.

இந்த இடத்தில் இன்னொன்று. காற்றோட்டம் வரட்டும் என்று அடியில் இருக்கும் அண்டர்ட்ரேயைக் கழற்றிப் போடுகிறார்கள். நிறைய வண்டிகளில் அந்தத் தட்டுதான் காருக்குக் கீழே காற்றைச் சீராக ஓடவிட்டு இன்ஜின் அறையிலிருந்து சூடான காற்றை இழுத்து வெளியேற்றுகிறது. கழற்றினால் சூடு கூடலாம். திருப்பி மாட்டுங்கள்.

கேள்வி: முன்பக்கம் பெரிய இன்டர்கூலர் போட்ட பிறகு கூலன்ட் சூடு ஏறுகிறது. ரேடியேட்டரையும் பெரிதாக்க வேண்டுமா?

உடனே வேண்டாம். காற்று எப்போதும் சுலபமான வழியைத் தேடும். இன்டர்கூலர், ஏசி கண்டன்ஸர், ரேடியேட்டர் என்று மூன்று சுவர் வரிசையாக நிற்கும்போது, பக்கத்தில் இரண்டு விரல் இடுக்கு இருந்தால் அதன் வழியே நழுவிவிடும். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள எல்லா இடுக்குகளையும் தகடும் ஃபோமும் வைத்து அடையுங்கள், அந்தப் பக்கம் நுழைந்த காற்று ரேடியேட்டர் வழியாகத் தவிர வேறு வழியில் போகக் கூடாது. இன்டர்கூலருக்கு இடம் வேண்டும் என்று ஃபேனின் உறையை எடுத்துவிட்டு மெல்லிய ஃபேனை ரேடியேட்டரில் நேராகக் கட்டியிருந்தால் அதுவும் காரணம்: உறை இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியிலிருந்துதான் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும்.

கேள்வி: ஓட்டி முடித்ததும் டர்போவை ஆறவிட டைமர் (சாவியை எடுத்த பிறகும் இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிடும் கருவி) மாட்ட வேண்டுமா?

நல்ல பழக்கம் இருந்தால் தேவையில்லை. கடைசி சில நிமிடங்களைப் பூஸ்ட் ஏறாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள். நிறுத்தி வைத்து ஐடிலில் விடுவதைவிட இது மேல், ஏனென்றால் வண்டி நகரும்போது காற்றும் ஓடுகிறது, நின்றுவிட்டால் ஃபேன் தள்ளுவது மட்டும்தான். விரட்டி ஓட்டிவிட்டு அப்படியே சாவியைத் திருகினால் ஆயில் ஓட்டம் நின்றுபோகிறது, டர்பைனில் தேங்கிய சூடு ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்கு ஏறுகிறது, அங்கே தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படிகிறது.

தண்ணீரால் ஆறும் டர்போ என்றால் லைன் எப்படிப் போகிறது என்று பாருங்கள். இன்ஜின் நின்ற பிறகும் சூடான கூலன்ட் தானாக மேலே ஏறி, குளிர்ந்தது கீழிருந்து உள்ளே வரும். பம்ப் இல்லாமலே நடக்கும் இந்த ஓட்டத்துக்கு, டர்போவிலிருந்து வெளியேறும் குழாய் மேல்நோக்கியே போக வேண்டும். நடுவில் வளைந்து ஏறி இறங்கினால் காற்றுக்குமிழ் சிக்கி ஓட்டம் நின்றுவிடும். மாற்றம் செய்யும்போது இதைக் கவனிக்காமல் லைனை அடைப்புப் போட்டு விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

கேள்வி: சூட்டைத் தடுக்க ஒட்டும் தங்க நிற டேப் உண்மையில் வேலை செய்யுமா, அழகுக்கு மட்டுமா?

செய்யும், இடம் பார்த்து ஒட்டினால். தங்கம் அகச்சிவப்புக் கதிரை மிக நன்றாகத் திருப்பி அனுப்பும், 1992-ல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 காரின் இன்ஜின் அறையில் நிஜத் தங்கத் தகட்டையே ஒட்டினார்கள். ஆனால் டேப் தடுப்பது கதிராக வரும் அனலை மட்டும். சூடான காற்று சூழ்ந்திருக்கும் இடத்தில் சிறிது நேரம்தான் தாக்குப் பிடிக்கும், சூடான பொருளைத் தொட்டுக்கொண்டிருந்தால் பயனே இல்லை. டர்போவுக்கு எதிரே தெரியும் இன்டேக் குழாய், ஃபயர்வால், பிரேக் ஆயில் டப்பாவின் அந்தப் பக்கம், இங்கெல்லாம் ஒட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் பளபளப்போடு பலனும் போய்விடும், அவ்வப்போது துடையுங்கள்.

கேள்வி: எங்கே எவ்வளவு சூடு என்று எப்படி அளப்பது? இன்ஃப்ராரெட் கன் வாங்கினேன், பளபளப்பான டவுன்பைப்பில் நம்ப முடியாத அளவு குறைவாகக் காட்டுகிறது.

பளபளப்பான உலோகத்தில் அது பொய்தான் சொல்லும். ஆறியிருக்கும்போது அதிகச் சூடு தாங்கும் கருப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டைக் குறிவைத்து அளங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, குறிப்பிட்ட டிகிரியைத் தொட்டதும் நிறம் மாறி அப்படியே நின்றுவிடும் ஸ்டிக்கர். ஒயரிங், பேட்டரி, பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஃபியூயல் ஹோஸ் எல்லாவற்றிலும் ஒன்றொன்று ஒட்டிவிட்டு வழக்கம்போல ஓட்டுங்கள், நிறுத்திய பிறகு ஏறும் சூட்டையும் அது பதிவு செய்துவிடும். மாற்றம் செய்வதற்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை ஒட்டிப் பாருங்கள். சாதாரண பிவிசி ஒயர் உறை 80 முதல் 105 டிகிரி வரைதான் தாங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தினால் பானெட்டிலிருந்து லேசாகக் கருகல் வாடை வருகிறது. டர்போவின் ஆயில் லைன் பக்கம் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. அது சிலிக்கான் ஹோஸ், சூடு தாங்கும் என்று சொல்லித்தான் போட்டார்கள். இப்படியே ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். சிலிக்கான் சூடு தாங்கும், ஆயில் தாங்காது. ஆயிலிலும் பெட்ரோலிலும் அது ஊறி உப்பி, சுவர் வழியாகவே கசிய ஆரம்பிக்கும். கூலன்ட்டுக்கு அது அருமையான ஹோஸ், உங்கள் இடத்தில் தவறான ஹோஸ். ஆயில் போகும் லைனுக்கு, உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான்) குழாயும் வெளியே ஸ்டெயின்லெஸ் பின்னலும் உள்ளது வேண்டும், அதன்மேல் சூடு தாங்கும் உறை ஒன்றும் போட்டு, மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். சிவக்கச் சூடேறிய டர்பைன்மேல் ஆயில் சொட்டினால் தீப்பொறி எதுவும் தேவையில்லை, தானாகவே பற்றும். பிரேக் ஆயிலும் அப்படித்தான், பவர் ஸ்டியரிங் ஆயிலும் அப்படித்தான்.

லைனை மாற்றும்போது டர்போ பக்கம் ராப்போ பிளாங்கெட்டோ இருந்தால் நனைந்திருக்கிறதா என்று, ஆறிய பிறகு கையுறை போட்டுத் தடவிப் பாருங்கள், நனைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அதுவரை வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், பட்டறை பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும் சரி.